உளவியல் மாறிகளின் இணைமாற்றத்தை அளத்தல்: நெடுக்குவெட்டுப் புள்ளியியல் மாதிரிகளும் சுரண்டை வட்டாரப் பீடித் தொழிலாளர் எடுத்துக்காட்டும்

ஆய்வுச்சுருக்கம்

கவலை, மனச்சோர்வு, தன்மதிப்பு, உறக்கம் முதலிய உளவியல் மாறிகள் தனித்தனியே மாறுவதில்லை. ஒன்றன் மாற்றம் மற்றொன்றன் மாற்றத்தோடு பிணைந்தே நிகழ்கிறது. அப்பிணைப்பின் திசையையும் அளவையும் அறிய, ஒரே மனிதர்களைப் பலமுறை அளந்து பெறும் நெடுக்குவெட்டுத் தரவுகளும் அவற்றுக்கேற்ற புள்ளியியல் மாதிரிகளும் தேவைப்படுகின்றன. குறுக்குப் பின்தாக்க மாதிரி, அதன் திருத்தமாகிய சமவாய்ப்பு வெட்டுத்துண்டு மாதிரி ஆகியவற்றின் செயற்பாட்டை இக்கட்டுரை விளக்குகிறது. ஆளிடை வேறுபாட்டையும் ஆளக மாற்றத்தையும் பிரிக்காமல் செய்யும் பகுப்பாய்வு தவறான நலத்திட்டப் பரிந்துரைக்கு இட்டுச்செல்லும் என்பது, தென்காசி மாவட்டம் சுரண்டை வட்டாரப் பீடி சுற்றும் பெண்களை முன்னிறுத்திய ஒரு கற்பனைத் தரவின்வழிக் காட்டப்படுகிறது. 1981இல் தொடங்கிய சென்னை நெடுக்குவெட்டு மனச்சிதைவு ஆய்வு இம்முறையியலுக்குத் தமிழகம் தந்த முன்னோடிச் சான்றாக எடுத்துரைக்கப்படுகிறது.

திறவுச்சொற்கள்: நெடுக்குவெட்டு ஆய்வு, குறுக்குப் பின்தாக்கம், சமவாய்ப்பு வெட்டுத்துண்டு, ஆளிடை வேறுபாடு, ஆளக மாற்றம், பீடித் தொழிலாளர், சுரண்டை

1. முன்னுரை

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் உளவியல், சமூகப்பணி, கல்வியியல் துறைகளில் அளிக்கப்பெறும் ஆய்வேடுகளுள் பெரும்பாலானவை ஒரு பொதுவான வடிவத்தைக் கொண்டவை. ஒரு குழுவினரிடம் இரண்டு அல்லது மூன்று வினாநிரல்கள் ஒருமுறை அளிக்கப்படுகின்றன. மதிப்பெண்களுக்கிடையே ஒட்டுறவுக் கெழு கணக்கிடப்படுகிறது. “இம்மாறி அம்மாறியின்மீது தாக்கம் செலுத்துகிறது” என முடிவுரை எழுதப்படுகிறது. ஒட்டுறவு என்பது காரண உறவு அன்று என்னும் பாடத்தை முதலாண்டுப் புள்ளியியலிலேயே படித்திருந்தும், முடிவுரைக்கு வரும்பொழுது அது மறக்கப்படுகிறது.

இது வெறும் சொல்லாட்சிப் பிழை அன்று. வருவாய்க் கவலை மனச்சோர்வை உண்டாக்குகிறதா, மனச்சோர்வு உழைப்பைக் குறைத்து வருவாய்க் கவலையை உண்டாக்குகிறதா என்னும் வினாவுக்குரிய விடையைப் பொறுத்தே, ஓர் ஊரில் முதலில் தேவைப்படுவது வேலைப் பாதுகாப்பா மனநல மருத்துவரா என்பது முடிவாகும். திசையைத் தவறாகக் கணித்தால் உதவி தவறான இடத்தில் போய்ச் சேரும். ஆகவே காலப்போக்கில் மாறிகள் எவ்வாறு இணைந்து மாறுகின்றன என்பதை அளக்கும் முறைகளை ஆய்வு மாணவர் அறிந்திருத்தல் இன்றியமையாதது. கணிதக் குறியீடுகளைத் தவிர்த்து, கருத்துகளையும் எளிய எண்களையும் கொண்டு அம்முறைகளை விளக்க இக்கட்டுரை முற்படுகிறது.

2. ஒருமுறை அளவீட்டின் எல்லை

ஒரு குறிப்பிட்ட நாளில் பலரை ஒருமுறை அளப்பது குறுக்குவெட்டு ஆய்வு. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16இல் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு இவ்வகையினது. எத்தனை பேர் எந்நோயால் வாடுகின்றனர், எத்தனை பேருக்குச் சிகிச்சை எட்டவில்லை என்பவற்றை மதிப்பிட இத்தகைய ஆய்வே ஏற்றது. ஆனால் எது முந்தியது, எது பிந்தியது என்னும் வினாவுக்கு அது விடை தர இயலாது.

ஒரே மனிதர்களைக் கால இடைவெளிவிட்டு மீண்டும் மீண்டும் அளப்பது நெடுக்குவெட்டு ஆய்வு. இந்தியாவில் 45 வயதும் அதற்கு மேலும் உடையோரைப் பற்றிய ‘லாசி’ எனப்படும் முதுமை ஆய்வு இதற்கு அண்மைக்காலச் சான்று. மும்பைப் பன்னாட்டு மக்கள்தொகை அறிவியல் நிறுவனம் முன்னின்று நடத்தும் இவ்வாய்வின் முதற்சுற்று 2017-18இல் ஏறத்தாழ 72,000 பேரிடம் நடைபெற்றது. மனச்சோர்வு அறிகுறிகள், குடும்ப வருவாய், உடல்நலம் ஆகியவை ஒரே நபரிடம் பதிவுசெய்யப்பட்டுள்ளன. அவர்களையே அடுத்தடுத்த சுற்றுகளில் மீண்டும் அளப்பதே இதன் வடிவமைப்பு. எனினும் நெடுக்குவெட்டுத் தரவு கையில் இருப்பது மட்டும் போதாது. அதனைப் பகுப்பாயும் மாதிரி வினாவோடு பொருந்தியிருத்தல் வேண்டும்.

3. குறுக்குப் பின்தாக்க மாதிரி

இரண்டு மாறிகளை இரண்டு காலங்களில் அளந்திருப்பதாகக் கொள்வோம். தை மாதத்தில் ஒருவரின் வேலைக்குறைவும் கவலையும், மாசி மாதத்தில் அதே நபரின் வேலைக்குறைவும் கவலையும் நம்மிடம் உள்ளன. இந்நான்கு மதிப்புகளுக்கிடையே மூவகைத் தொடர்புகள் உண்டு. தைக் கவலைக்கும் மாசிக் கவலைக்கும் உள்ள தொடர்பு ‘தன்தொடர்ச்சி’. ஒரு நிலை எந்த அளவு நீடிக்கிறது என்பதை அது காட்டும். ஒரே மாதத்தில் இரண்டு மாறிகளுக்கும் உள்ள தொடர்பு ‘உடன்நிகழ் ஒட்டுறவு’. தை வேலைக்குறைவு மாசிக் கவலையையும், தைக் கவலை மாசி வேலைக்குறைவையும் எந்த அளவு முன்னுணர்த்துகின்றன என்பது ‘குறுக்குப் பின்தாக்கம்’.

தைக் கவலையைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பின்னரும் தை வேலைக்குறைவு மாசிக் கவலையைப் பற்றிப் புதிதாக ஏதேனும் சொல்கிறதா என்பதே இம்மாதிரியின் மைய வினா. பொருளியலில் கிரேஞ்சர் 1969இல் முன்வைத்த முன்னுணர்த்தல் கருத்தும் இதனை ஒத்ததே. உளவியலில் டொனால்ட் கேம்பெல் 1960களில் தொடங்கிவைத்த குறுக்கு ஒட்டுறவு ஒப்பீட்டைக் கென்னி 1970களில் முறைப்படுத்தினார். இரண்டு குறுக்கு ஒட்டுறவுகளுள் பெரியது எதுவோ அதுவே காரணத்தின் திசை என்னும் எளிய முடிவை 1980இல் ரொகோசா கடுமையாக மறுத்தார். இரு மாறிகளின் நிலைத்தன்மை வேறுபட்டிருந்தால், தாக்கமே இல்லாத நிலையிலும் ஓர் ஒட்டுறவு மற்றதைவிடப் பெரிதாகத் தோன்றும் என்பது அவரது மறுப்பின் சாரம். அதன்பின் வெறும் ஒட்டுறவு ஒப்பீடு கைவிடப்பட்டு, அமைப்புச் சமன்பாட்டு மாதிரிகளின்வழித் தன்தொடர்ச்சியைக் கட்டுப்படுத்திக் குறுக்குத் தாக்கத்தை மதிப்பிடும் முறை நிலைபெற்றது.

இம்முறையின் பயனுக்குத் தன்மதிப்பு, மனச்சோர்வு பற்றிய ஆய்வுகள் சான்றாகின்றன. தாழ்ந்த தன்மதிப்பு மனச்சோர்வுக்கு வழிவகுக்கிறது என்பது ஒரு கொள்கை; மனச்சோர்வு தன்மதிப்பில் தழும்பை விட்டுச்செல்கிறது என்பது மற்றொரு கொள்கை. சோவிஸ்லோ, ஓர்த் ஆகியோர் 77 நெடுக்குவெட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2013இல் வெளியிட்ட பகுப்பாய்வில், தன்மதிப்பிலிருந்து மனச்சோர்வுக்குச் செல்லும் தாக்கம் −0.16 எனவும், எதிர்த்திசைத் தாக்கம் −0.08 எனவும் கண்டனர். இரு திசைகளிலும் தாக்கம் உண்டு. எனினும் முதல் திசை வலியது. குறுக்குவெட்டு ஆய்வு எத்தனை ஆயிரம் பேரிடம் நடத்தப்பட்டாலும் இவ்வேறுபாட்டைக் காட்டியிராது.

4. ஆளிடை வேறுபாடும் ஆளக மாற்றமும்

மேற்கண்ட மாதிரியில் ஓர் ஆழமான குறை உள்ளது. அதனை விளக்கச் சுரண்டை வட்டாரத்திலிருந்து ஓர் எடுத்துக்காட்டைக் கருதலாம்.

தென்காசி மாவட்டம் வீரகேரளம்புதூர் வட்டத்திலுள்ள சுரண்டை காய்கறிச் சந்தைக்குப் பெயர்பெற்றது. தென்காசி, ஆலங்குளம், கடையநல்லூர் பகுதிகளைப் போன்றே இவ்வட்டாரத்துப் பெண்களின் வீட்டுத்தொழிலாகப் பீடி சுற்றுதல் நெடுங்காலமாக இருந்துவருகிறது. இலையும் தூளும் பீடிக்கடையிலிருந்து பெறப்படுகின்றன. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என எண்ணிக்கை அடிப்படையில் கூலி கணக்கிடப்படுகிறது. பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் 1966இல் இயற்றப்பட்டு வீட்டில் இருந்து சுற்றுவோரையும் தன் வரம்புக்குள் கொண்டது. எனினும் தரப்படும் இலையின் அளவைப் பொறுத்தே ஒரு பெண்ணின் மாத வருவாய் அமைகிறது. ஆகவே வேலையளவும் கவலையும் மாதந்தோறும் இணைந்து மாறும் மாறிகளுக்கு இத்தொழில் பொருத்தமான களமாகும்.

பின்வரும் அட்டவணையிலுள்ள எண்கள் விளக்கத்திற்காகப் புனையப்பட்டவை. களத்தில் திரட்டப்பட்டவை அல்ல. மூன்று பெண்கள் மூன்று மாதங்களில் சுற்றிய பீடிகளும் (ஆயிரங்களில்), ஒரு வினாநிரலில் அவர்கள் பெற்ற கவலை மதிப்பெண்களும் தரப்பட்டுள்ளன.

அட்டவணை 1: வேலையளவும் கவலை மதிப்பெண்ணும்

| பெண் | மாறி | முதல் மாதம் | இரண்டாம் மாதம் | மூன்றாம் மாதம் | சராசரி |
|---|---|---|---|---|---|
| முதலாமவர் | வேலை | 6 | 10 | 14 | 10 |
| | கவலை | 8 | 6 | 4 | 6 |
| இரண்டாமவர் | வேலை | 12 | 16 | 20 | 16 |
| | கவலை | 13 | 11 | 9 | 11 |
| மூன்றாமவர் | வேலை | 18 | 22 | 26 | 22 |
| | கவலை | 18 | 16 | 14 | 16 |

சராசரிகளை மட்டும் நோக்கினால், மிகுதியாகச் சுற்றுபவருக்குக் கவலையும் மிகுதி. சராசரிகளுக்கிடையே ஆயிரம் பீடிக்குக் கவலை ஏறத்தாழ 0.83 புள்ளி உயர்கிறது. இது ஆளிடை வேறுபாடு. வறுமை மிகுந்த குடும்பத்துப் பெண் வேறு வழியின்றி மிகுதியாகச் சுற்றுகிறார். அவ்வறுமையே அவரது கவலைக்கும் காரணம் என இதனை விளக்கலாம்.

ஒவ்வொரு பெண்ணையும் அவரோடே ஒப்பிட்டு நோக்கினால் உறவு தலைகீழாகிறது. தம் வழக்கமான அளவைவிட மிகுதியாக வேலை கிடைத்த மாதத்தில் மூவருக்கும் கவலை குறைகிறது. ஆயிரம் பீடிக்கு 0.5 புள்ளி இறங்குகிறது. இது ஆளக மாற்றம். ஒன்பது இணைகளையும் பிரிக்காமல் ஒன்றாகக் கொட்டிக் கணக்கிட்டால் ஆயிரம் பீடிக்குக் கவலை 0.42 புள்ளி உயர்வதாக விடை வரும். இவ்விடை ஆளிடை உறவும் அன்று, ஆளக உறவும் அன்று. இரண்டும் கலந்த, எந்தப் பெண்ணின் வாழ்விலும் நிகழாத ஓர் எண்.

இவ்வெண்ணை நம்பி, “பீடி சுற்றும் அளவைக் குறைத்தால் கவலை குறையும்” என ஒருவர் பரிந்துரைத்தால் விளைவு என்ன? வேலை குறைந்த ஒவ்வொரு பெண்ணின் கவலையும் கூடும். தரவு பிழையற்றது, கணக்கும் பிழையற்றது. வினாவும் மாதிரியும் பொருந்தாமையே தீங்குக்குக் காரணம். பீடித் தொழிலின் உடல்நலக் கேடுகள் வேறு நோக்கில் ஆராயத்தக்கவை. இங்குப் பேசப்படுவது வருவாயின் ஏற்ற இறக்கமும் மனநிலையும் பற்றியதே. மக்கள்திரளின் உறவிலிருந்து தனிமனிதரின் போக்கை நேரடியாக ஊகிக்க இயலாது என்பதை மொலனார் 2004இல் கோட்பாட்டளவில் வலியுறுத்தினார். மேற்கண்ட அட்டவணை அதன் எளிய வடிவமே.

5. சமவாய்ப்பு வெட்டுத்துண்டு சேர்த்த மாதிரி

ஹமாக்கர், கைப்பர், கிராஸ்மன் ஆகிய மூவர் 2015இல் வெளியிட்ட கட்டுரை இக்குறையைக் குறுக்குப் பின்தாக்க மாதிரியோடு பொருத்திக் காட்டியது. மரபான மாதிரி, காலப்போக்கில் ஒவ்வொருவரும் ஒரே பொதுச் சராசரியைச் சுற்றியே மாறுவதாகக் கொள்கிறது. ஆனால் இயல்பிலேயே மிகுதியாகக் கவலைப்படுவோரும் குறைவாகக் கவலைப்படுவோரும் உள்ளனர். அவர்களது நடுநிலை மட்டங்கள் வேறுவேறு. அந்நிலையான வேறுபாட்டை மாதிரியில் தனியே பிரிக்காவிட்டால் அது தன்தொடர்ச்சிக்குள்ளும் குறுக்குத் தாக்கத்துக்குள்ளும் புகுந்துவிடும். அதனால் குறுக்குத் தாக்கத்தின் அளவு பிறழலாம், திசையும் பிறழலாம்.

அவர்கள் முன்வைத்த திருத்தம் வருமாறு: ஒவ்வொரு மதிப்பும் மூன்று பகுதிகளாகப் பிரிக்கப்படுகிறது. முதலாவது, அம்மாதத்தில் அனைவருக்கும் பொதுவான சராசரி. இரண்டாவது, அந்நபருக்கே உரிய, காலத்தால் மாறாத விலகல். இதுவே சமவாய்ப்பு வெட்டுத்துண்டு. மூன்றாவது, அந்நபர் தம் வழக்கமான மட்டத்திலிருந்து அம்மாதம் விலகிய அளவு. தன்தொடர்ச்சியும் குறுக்குத் தாக்கமும் மூன்றாவது பகுதிக்கு மட்டுமே கணிக்கப்படுகின்றன. அட்டவணை 1இல் மூன்றாம் பெண்ணின் முதல் மாதக் கவலை 18. அவரது சராசரி 16. அவரை அவரோடே ஒப்பிட்டால் விலகல் +2. முதலாம் பெண்ணின் முதல் மாதக் கவலை 8, சராசரி 6, அவரது விலகலும் +2. இருவரும் மிக வேறுபட்ட மட்டங்களில் வாழ்ந்தாலும் அம்மாதம் இருவருக்கும் நேர்ந்த மாற்றம் ஒன்றே. (இங்குக் கழிக்கப்பட்டது கண்டறிந்த சராசரி, மாதிரியில் அவ்விடத்தை உள்ளுறை மாறி வகிக்கும்.)

மரபான மாதிரிக்கு இரண்டு சுற்று அளவீடு போதும். திருத்திய மாதிரிக்குக் குறைந்தது மூன்று சுற்றுகள் தேவை. நான்கோ ஐந்தோ இருப்பின் மதிப்பீடு உறுதிப்படும். இரண்டு சுற்றுகளில் ஒருவரின் நிலையான மட்டத்தையும் தற்காலிக விலகலையும் பிரித்தறிய வழியில்லை.

திருத்திய மாதிரியே எல்லா வினாக்களுக்கும் உரியது எனக் கொள்வதும் பொருந்தாது. ஓர்த்தும் உடனாய்வாளரும் 2021இல் ஏழு வகை மாதிரிகளைத் தன்மதிப்பு, மனச்சோர்வுத் தரவுகளில் ஒப்பிட்டனர். பிறரைவிடத் தாழ்ந்த தன்மதிப்பு உடையோர் பின்னாளில் பிறரைவிட மிகுந்த மனச்சோர்வு அடைகின்றனரா என்பது ஆளிடை வினா; அதற்கு மரபான மாதிரி இன்றும் பயன்படும் என்பது அவர்தம் நிலைப்பாடு. தம் வழக்கத்தைவிடத் தாழ்ந்த பொழுதில் அதே நபருக்கு அடுத்து என்ன நேர்கிறது என்பது ஆளக வினா. இடருக்குரியோரை முன்னறிந்து பட்டியலிட முதலாவது உதவும். எப்பொழுது, எதில் தலையிட வேண்டும் என அறிய இரண்டாவது உதவும். தம் வினா எதுவென ஆய்வாளர் முன்கூட்டியே தெளிவுபடுத்துதல் கடமை.

ஆண்டுக்கணக்கில் சீராக ஏறும் அல்லது இறங்கும் மாறிகளுக்கு வளர்கோட்டு மாதிரி ஏற்றது. அதில் ஒவ்வொருவருக்கும் ஒரு தொடக்க மட்டமும் ஒரு மாறுவீதமும் மதிப்பிடப்படும். ஒரு மாறியின் வீதம் கூடியவர்க்கு மற்றதன் வீதமும் கூடுகிறதா என்பது வீதங்களுக்கிடையிலான ஒட்டுறவால் அறியப்படும். இஃது இணைந்து வளர்வதைக் காட்டுமேயன்றி எது முந்தியது எனக் காட்டாது.

6. சென்னை நெடுக்குவெட்டு ஆய்வு: ஒரு முன்னோடி

இத்தகைய ஆய்வுகள் மேலைநாடுகளுக்கே உரியவை என்னும் எண்ணம் பொருந்தாது. மனச்சிதைவு நோயின் முதல் தாக்குதலோடு சென்னையில் சிகிச்சைக்கு வந்த 90 பேரை 1981 முதல் பின்தொடர்ந்த ‘மெட்ராஸ் நெடுக்குவெட்டு ஆய்வு’ உலகளவில் அறியப்பட்டது. மனநல மருத்துவர் ஆர். தாராவின் பெயரோடு இணைந்த இவ்வாய்வு, 1984இல் மருத்துவர் எம். சாரதா மேனன் நிறுவிய ‘ஸ்கார்ஃப்’ எனப்படும் மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனத்தின்வழிப் பல பத்தாண்டுகள் தொடர்ந்தது. 10ஆம் ஆண்டில் 76 பேரும், 20ஆம் ஆண்டில் 61 பேரும் மீண்டும் மதிப்பிடப்பட்டனர்.

புள்ளியியல் நோக்கில் இவ்வாய்வின் சிறப்பு அதன் அளவீட்டு அடர்த்தியில் உள்ளது. பிரமை, பொய்யுணர்வு முதலிய நேர்முக அறிகுறிகளும், உணர்ச்சி மழுங்கல், பேச்சுக்குறைவு முதலிய எதிர்முக அறிகுறிகளும் மாதந்தோறும் உண்டா இல்லையா எனப் பதிவாயின. ஈட்டன், தாரா, லியாங் முதலியோர் பத்தாண்டு மாதப் பதிவுகளைக் கொண்டு இவ்விருவகை அறிகுறிகளின் அமைப்பையும் போக்கையும் ஆராய்ந்து 1995இல் கட்டுரை வெளியிட்டனர். இரண்டு அறிகுறித் தொகுதிகள் காலப்போக்கில் எவ்வாறு மாறுகின்றன என்பதே அவர்தம் வினா.

முதலாண்டு மாதப் பதிவுகளின் ஒரு பகுதி, 86 பேரின் சிந்தனைச் சீர்குலைவுத் தரவாக, டிக்கிள், ஹேகர்ட்டி, லியாங், ஸீகர் ஆகியோர் எழுதிய நெடுக்குவெட்டுத் தரவுப் பகுப்பாய்வு நூலின் 2002ஆம் ஆண்டுப் பதிப்பில் இடம்பெற்றது. அத்தரவை மூன்று நோக்கில் அணுகலாம். மக்கள்திரளில் அறிகுறியுடையோர் விகிதம் மாதந்தோறும் எவ்வாறு குறைகிறது என்பது முதல் நோக்கு. லியாங்கும் ஸீகரும் 1986இல் அளித்த பொதுமைப்படுத்திய மதிப்பீட்டுச் சமன்பாடுகள் இதற்குரியவை. ஒவ்வொரு நோயாளிக்கும் தனி மட்டம் உண்டு எனக் கொள்வது இரண்டாம் நோக்கு. சென்ற மாதத்து அறிகுறி இம்மாதத்து அறிகுறியை எவ்வளவு முன்னுணர்த்துகிறது என்பது மூன்றாம் நோக்கு. நிலையான மட்டத்தையும் மாதத்திலிருந்து மாதத்துக்குத் தொடரும் தாக்கத்தையும் பிரித்தறியும் தேவை இங்கு ஏற்கெனவே உணரப்பட்டிருந்தது. சமவாய்ப்பு வெட்டுத்துண்டு மாதிரி இவ்விரண்டையும் ஒரே மாதிரிக்குள் இணைத்து, இரண்டு மாறிகளுக்கு விரிக்கிறது எனலாம்.

7. கால இடைவெளியின் பங்கு

குறுக்குத் தாக்கத்தின் அளவு மாறிகளின் இயல்பை மட்டும் பொறுத்ததன்று; இரு அளவீடுகளுக்கு இடைப்பட்ட காலத்தையும் பொறுத்தது. வேலைக்குறைவின் தன்தொடர்ச்சி மாதத்திற்கு 0.5, கவலையின் தன்தொடர்ச்சி 0.6, வேலைக்குறைவிலிருந்து கவலைக்குச் செல்லும் தாக்கம் 0.2, எதிர்த்திசைத் தாக்கம் 0.1 எனக் கொள்வோம். மாதந்தோறும் அளப்பவர் வேலைக்குறைவின் தாக்கத்தை 0.2 எனக் காண்பார். இரண்டு மாதத்திற்கு ஒருமுறை அளப்பவருக்கு அது 0.22. நேரடித் தாக்கத்தோடு கவலையின் நீடிப்பும் வேலைக்குறைவின் நீடிப்பும் இடைமாதத்தில் சேர்வதே உயர்வுக்குக் காரணம். நான்கு மாத இடைவெளியில் அது 0.14 ஆகக் குறையும். ஆறு மாதத்தில் 0.08, ஓராண்டில் 0.01.

ஆண்டுக்கு ஒருமுறை அளந்து, “வேலைக்குறைவு கவலையைப் பாதிக்கவில்லை” என முடிவுகட்டும் ஆய்வு, இல்லாத தாக்கத்தைக் கண்டறிந்ததன்று. இருந்து மறைந்த தாக்கத்தைத் தவறவிட்டது. எனவே இடைவெளியை நிதிநிலையோ ஆய்வேட்டுக் கெடுவோ முடிவுசெய்தல் கூடாது. ஆராயப்படும் செயல்முறையின் வேகமே முடிவுசெய்தல் வேண்டும். மணிக்கணக்கில் மாறும் மனநிலைக்கு நாள்தோறும் பலமுறை கைப்பேசிவழி அளக்கும் முறையும், அத்தகைய அடர்தரவுக்கென அஸ்பரோவ், ஹமாக்கர், முத்தேன் ஆகியோர் 2018இல் விவரித்த இயங்கு அமைப்புச் சமன்பாட்டு மாதிரியும் ஏற்றவை.

பருவமும் இங்குக் கருதத்தக்கது. ஆனியில் பள்ளிச் செலவு எல்லா வீடுகளிலும் கூடும். குற்றாலச் சாரல் வீசும் மாதங்களின் ஈரக்காற்று, கொடைவிழாச் செலவு, தீபாவளிப் போனஸ் ஆகியவையும் பலரையும் ஒரே காலத்தில் பாதிக்கும். அனைவருக்கும் ஒரே அளவில் நேரும் ஏற்ற இறக்கத்தை மாதச் சராசரி உறிஞ்சிக்கொள்ளும். ஆனால் பள்ளி செல்லும் குழந்தை உள்ள வீட்டுக்கு மட்டும் ஆனிச் செலவு கூடுமாயின், அதனைத் தனி மாறியாகச் சேர்த்தல் வேண்டும். மாறாத குடும்பப் பின்னணியை வெட்டுத்துண்டு பிரித்துவிடும். மாறும் மறைகாரணத்தைப் பிரிக்காது. ஆகவே குறுக்குத் தாக்கம் காரணத்திற்குச் சான்று சேர்க்கும். தானே நிரூபணம் ஆகாது.

8. அளவுகோலும் விடுபட்டோரும்

காலப்போக்கில் மதிப்பெண் மாறினால் மாறியது மனமா அளவுகோலா என்னும் ஐயம் எழும். ஒரே வினாவை ஐந்தாம் முறை கேட்கும் பெண், அதற்கு முதன்முறை கொண்ட பொருளையே கொள்கிறாரா? ஒவ்வொரு வினாவின் காரணிச் சுமையும் வெட்டுத்துண்டும் எல்லாச் சுற்றுகளிலும் சமமாக உள்ளனவா என்னும் சோதனை இதற்கு விடை தரும். இச்சோதனையில் தேறாத தரவில் சராசரி மாற்றத்தைப் பற்றிப் பேசுதல் முறையன்று.

மொழியும் இதனோடு தொடர்புடையது. மனச்சோர்வுக்கான பன்னாட்டு வினாநிரல்களின் தமிழாக்கங்கள் பயன்பாட்டில் உள்ளன. ஆயினும் நெல்லை, தென்காசி வட்டாரத்தார் தம் மனத்துயரை ‘வெப்ராளம்’ என்றும் ‘மனசு சரியில்லை’ என்றும் வழங்குவர்; தலைவலி, நெஞ்சடைப்பு என உடல்வழியும் உரைப்பர். ஏட்டுத் தமிழில் அமைந்த வினா இவ்வனுபவத்தைத் தொடாமல் போகலாம். முதற்சுற்றுக்கு முன் அதே வட்டாரத்தில் முன்னோட்டம் நடத்தி வினாக்களைச் சீர்செய்தலும், அதன்பின் இறுதிச் சுற்றுவரை ஒரு சொல்லையும் மாற்றாதிருத்தலும் வேண்டும்.

இடையில் விலகுவோர் மற்றொரு சிக்கல். திருமணமாகி வேற்றூர் செல்வோர், கேரளத்துக்கு வேலைக்குச் செல்லும் கணவரோடு இடம்பெயர்வோர், மகப்பேற்றுக்குத் தாய்வீடு செல்வோர் எனப் பலர் விடுபடுவர். இவர்களை நீக்கிவிட்டு எல்லாச் சுற்றிலும் பங்கேற்றவரை மட்டும் ஆராய்வது எளிது. ஆனால் நெருக்கடி மிகுந்தவரே முதலில் விலகுவராயின் எஞ்சியவரின் தரவு துயரைக் குறைத்துக் காட்டும். ரூபின் 1976இல் வகுத்த பாகுபாட்டின்படி, விடுபடுதல் ஏற்கெனவே அளந்த மாறிகளால் விளக்கப்படுமாயின் முழுத்தகவல் மீப்பெரு நிகழ்தகவு முறை நம்பத்தக்க மதிப்பீட்டைத் தரும். அளக்கப்படாத துயரமே விலகலுக்குக் காரணமாயின் அம்முறையும் உதவாது. சென்னை ஆய்வு 20 ஆண்டுகளுக்குப் பின்னும் 90 பேரில் 61 பேரை மதிப்பிட்டதன் அருமை இங்குத்தான் விளங்கும்.

9. களத்திற்கான வடிவமைப்பு

மேற்கூறியவற்றைத் தொகுத்து, இவ்வகை ஆய்வுக்குரிய ஒரு வடிவமைப்பைப் பின்வருமாறு முன்மொழியலாம்.

அ) வினா: ஒரு பெண்ணுக்குத் தம் வழக்கத்தைவிட வேலை குறைந்த மாதத்தை அடுத்து அவரது கவலை வழக்கத்தைவிடக் கூடுகிறதா? கவலை கூடிய மாதத்தை அடுத்து அவர் சுற்றும் அளவு குறைகிறதா?

ஆ) அளவீடு: மாதம் ஒருமுறையாகக் குறைந்தது ஆறு சுற்றுகள். வேலையளவை நினைவிலிருந்து கேளாமல், பீடிக்கடைக் கணக்கட்டையிலிருந்து ஒப்புதலோடு பதிவுசெய்தல். மனநிலை வினாநிரலை மாதத்தின் ஒரே வாரத்தில் அளித்தல்.

இ) கூறு: உள்ளுறை மாறிகளைக் கொண்ட மாதிரிக்குச் சில நூறு பேர் தேவை. ஐம்பது பேரை வைத்து மதிப்பிட்டால் கெழுக்களின் பிழை எல்லை பொருளற்ற அளவுக்கு விரியும்.

ஈ) பகுப்பாய்வு: அளவுகோல் சமநிலைச் சோதனை, சமவாய்ப்பு வெட்டுத்துண்டு மாதிரி, ஒப்பீட்டிற்கு மரபான மாதிரி ஆகிய வரிசை. கட்டணமின்றிக் கிடைக்கும் ‘ஆர்’ மென்பொருளின் ‘லவான்’ தொகுப்பு இவையனைத்திற்கும் போதுமானது. விலையுயர்ந்த மென்பொருள் இல்லாமை இனி ஒரு தடையன்று.

உ) அறம்: மாதந்தோறும் துயரை அளக்கும் ஆய்வாளர், கடும் மனச்சோர்வோ தற்கொலை எண்ணமோ வெளிப்படும்பொழுது எண்ணாகக் குறித்துக்கொண்டு செல்ல இயலாது. மாவட்ட மனநலத் திட்ட மருத்துவரிடம் அனுப்பும் வழியை முதற்சுற்றுக்கு முன்னரே உறுதிசெய்தல் வேண்டும். அவ்வாறு உதவி பெற்றவரின் மதிப்பெண் போக்கு மாறும். அம்மாற்றத்தை மாதிரியில் குறித்தல் வேண்டுமேயன்றி, தரவின் தூய்மைக்காக உதவியைத் தள்ளிப்போடுதல் கூடாது.

10. முடிவுரை

உளவியல் மாறிகளின் இணைமாற்றத்தை ஆராய்வோர் மூன்று வினாக்களுக்கு முதலில் விடை காண வேண்டும். ஆராயப்படுவது மனிதர்களுக்கிடையிலான வேறுபாடா, ஒரு மனிதருக்குள் நிகழும் மாற்றமா? அம்மாற்றம் எவ்வளவு காலத்தில் நிகழ்கிறது? அளவுகோல் எல்லாச் சுற்றிலும் ஒரே பொருளை அளக்கிறதா? இவற்றுக்கு விடை தெளிந்தபின் மாதிரியைத் தேர்தல் எளிது. தெளியாமல் தேர்ந்த மாதிரி எவ்வளவு நுட்பமானதாயினும் பயன் தராது.

வேலைக்குறைவே கவலைக்கு முந்துவதாகக் களத்தரவு காட்டுமாயின், மாதந்தோறும் சீரான இலை வழங்கலும் வேலை குறைந்த மாதத்திற்கான உதவித்தொகையும் மனநலத் திட்டங்களே ஆகும். கவலையே முந்துவதாகக் காட்டுமாயின், மனநலச் சேவையை ஊராட்சி அளவில் கொண்டுசேர்த்தல் வருவாய்ப் பாதுகாப்பும் ஆகும். இரு திசையும் உண்டெனில் இரண்டும் ஒருசேரத் தேவை. எதுவாயினும் ஒருமுறை அளந்த ஒட்டுறவைக் கொண்டு இதனை முடிவுசெய்ய இயலாது. நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே மாதந்தோறும் அளந்து காட்டிய மரபு தமிழகத்திற்கு உண்டு. அம்மரபை மருத்துவமனையிலிருந்து பீடித்தட்டு ஏந்திய திண்ணைகளுக்கும் விரித்தல் இன்றைய ஆய்வாளர்முன் உள்ள பணியாகும்.